மருந்தடிக்கப் போகாதவர்

— பொய்யை நிறுத்துங்க. உங்க பழைய மேஸ்திரி இன்னிக்கு எங்க தக்காளி ஷெட்டுக்கே வந்துட்டாரு. “பூச்சிமருந்து அடிக்க உன் வீட்டுக்காரரை ரெண்டு தடவை கூப்பிட்டாச்சு, ஏம்மா வரமாட்டேங்கிறாரு?”ன்னு கேக்குறாரு. எல்லார் முன்னாடியும் திருதிருன்னு முழிச்சேன்.

— அட, முதல்ல உட்காரு. தண்ணி குடி.

— ஒண்ணும் வேணாம். எல்லாரும் இயற்கை விவசாயத்துக்கு மாறிட்டாங்க, என்னை யாருமே கூப்பிடலைன்னு மூக்கால அழுதீங்களே?

— பாதித் தோட்டம் மாறினது நிஜம்தானே? எங்க ஆளுங்க நிறையப் பேருக்கு வேலை போச்சு. ஒருத்தன் லாரி கிளீனரா போயிட்டான்.

— மீதிப் பாதி?

— கூப்பிட்டாங்க. நான்தான் போகலை.

— அப்போ காலையில டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு எங்க போறீங்க? பார்க்குல உட்காரவா?

— களை பறிக்க. ஆத்தோரத்துத் தோட்டம் ஒண்ணு இருக்குல்ல, அங்க. மருந்தே கிடையாது, புல்லையெல்லாம் கையாலதான் எடுக்கணும். அத்தனை பொம்பளைங்களுக்கு நடுவுல நான் ஒருத்தன். “அண்ணே, அது புல்லு இல்ல, கேரட்டு”ன்னு ஒரே கேலி.

— சிரிக்க வைக்காதீங்க, நான் கோவமா இருக்கேன். இதை என்கிட்ட சொன்னா என்ன?

— முதுகுல மருந்து டேங்கைக் கட்டிக்கிட்டு நடந்தா நானும் ஒரு ஆளு. குனிஞ்சு புல்லு புடுங்குறேன்னு உன்கிட்ட எப்படிச் சொல்ல? வெட்கமா இருந்துச்சு.

— நானும்தான் நாள் முழுக்கக் குனிஞ்சு தக்காளி பொறுக்குறேன். எனக்கென்ன வெட்கமா? ஆனா களை பறிக்கிறதுல கூலி கம்மி. பிறகு எதுக்கு அங்கேயே—

— அடுப்பைப் பாரு. பால் அடிப்பிடிக்குது.

— ஐயோ! … ஆமாங்க, கருகியே போச்சு. … இருங்க. அங்க உட்கார்ந்துக்கிட்டு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

— வாசனை வந்துச்சு.

— உங்களுக்கா? மருந்து நெடியில கல்யாணத்துக்கு முன்னாடியே மூக்கு செத்துப்போச்சு, இனிமே வாசனையே வராதுன்னு டாக்டரே கைவிரிச்சாரே!

— மருந்தை விட்டு மாசக்கணக்காச்சுல்ல. முதல்ல ஈரமண்ணு வந்துச்சு. குனிஞ்சு புல்லைப் புடுங்குறேன், குப்புன்னு ஏறுது. பைத்தியக்காரன் மாதிரி அங்கேயே உட்கார்ந்துட்டேன். அப்புறம் சோப்பு… ஏய், எதுக்கு அழுவுற?

— அழலை. புகை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— சொல்லி, நீ சந்தோஷப்பட்டு, மறுபடியும் போயிடுச்சுன்னா?

— போனா போகட்டும், ரெண்டு பேருமா சேர்ந்து வருத்தப்படுவோம். … சரி, மேஸ்திரி நாளைக்கும் வருவாரு. என்ன சொல்ல?

— இனிமே வரமாட்டாருன்னு சொல்லிடு.

— காரணம் கேட்டா?

— அதை அவர்கிட்ட சொல்ல முடியாது. நேத்து நீ தலை துவட்டிக்கிட்டு நின்னப்ப பக்கத்துல வந்தேன்ல… உன் வாசனை எப்படி இருக்கும்னு, கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நேத்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது.