குளத்து வாத்தின் இறகு

உடுமலைக்குப் போகும் பேருந்தில் என் முன் இருக்கைப் பெரியவர், பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "ஒரு வாத்து எறகை டெஸ்ட்டுக்குக் குடுத்துட்டு வர்றனுங்க தம்பி."

கழுத்தில் பனியன் கம்பெனி அட்டை தொங்கிய அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் செல்போனிலிருந்து நிமிர்ந்தார்; பேச்சில் திருநெல்வேலி வாடை. "எறகையா? எதுக்கு அண்ணாச்சி?"

"பனிக்காலத்துல இமயமலை தாண்டி வருமே வரித்தலை வாத்து, அதும்பட எறகுங்க. இப்பெல்லாம் நம்ம குளத்துக்கு வர்றது கொறஞ்சு போச்சு. காலேஜ்ல ஒரு பொண்ணு அதைப் பத்திப் படிக்குது. கூட்டம் சின்னதாயிட்டா சொந்தத்துக்குள்ளயே ஜோடி சேந்து, வம்சம் நோயத் தாங்காதாமா. பழைய எறகா நெறயாச் சேத்துனா, அப்ப எத்தன வம்சம் இருந்துச்சுன்னு இப்பத்த வாத்தோட ஒத்துப் பாக்கலாங்குது."

"ஒங்களுக்கு எப்படிக் கெடச்சது?"

"கல்யாணமான புதுசுல நானும் ஊட்டுக்காரம்மாவும் பொழுதோட குளத்துக்குப் போவமுங்க. கரையெல்லாம் வாத்தா நிக்கும். அவதான் எறகு ஒன்னப் பொறுக்கி எங்க கல்யாணப் பத்திரிகைக்குள்ள வெச்சா. அவ போயி நாலு வருசமாச்சு. குடுக்க மனசே வல்லீங்க."

"முழுசா வாங்கிக்கிட்டாவளா?"

"இல்லீங்க. அந்தப் பொண்ணு அடித்தண்டுல துளியூண்டு வெட்டிக்கிட்டு, மிச்சத்தக் கையில குடுத்துருச்சு. அப்பறம் நோட்ட எடுத்து, சேகரிச்சது யாரு, உங்க பேரச் சொல்லுங்கன்னுது."

"சொன்னியளா?"



"அவ பேரத்தானுங்க சொன்னேன். சரஸ்வதின்னு எழுதிக்கிச்சு."