பத்தொன்பது உருண்டைச் செடிகள்

தெரியும்ண்ணே, உச்சி வெயில்ல வெட்டக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். வெட்டுன எடமெல்லாம் கருகிப் போயிடும், மப்பு போட்ட நாளாப் பாத்துத்தான் இந்த பாக்ஸ்வுட் செடியில கத்தரி வைக்கணும். முப்பது வருஷமா எங்க வீட்டுக்காரரு வாயால இந்தப் பாட்டத்தானே கேட்டேன். இருந்தாலும் வெட்டுங்க. பழி உங்க மேல வராது.

இன்னும் உள்ள விட்டு வெட்டுங்க. மேலாக்க சீவுனாப் பத்தாது, பச்சை போயி கட்டை தெரியணும். ஆமா, அப்புறம் லேசுல துளுக்காதுதான். துளுக்க வேணாம்.

அழகா இருக்கா? இருக்காம பின்ன? மொத்தம் பத்தொன்பது உருண்டை, ஒண்ணுக்கு ஒண்ணு மயிரிழை வித்தியாசம் இருக்காது. ஞாயித்துக்கிழமை விடிஞ்சாப் போதும், கொத்தனார் மாதிரி ரசமட்டமும் நூலுமா எறங்கிடுவாரு. நூலுக்கு ஒரு முனை அவரு கையில, மறுமுனை என் கையில. மூச்சு விட்டா நூல் ஆடுதும்பாரு. ரெண்டு குச்சிய நட்டுக் கட்டிக்கலாமேன்னு ஒரு தடவ வாயத் தொறந்தேன். குச்சிக்குக் கண்ணு இருக்கான்னு கேட்டாரு. அவரு பிடிச்ச முயலுக்கு மூணே கால்.

சிரிக்கிறீங்க. மிச்சத்தையும் கேளுங்க.

அப்படி ஒரு ஞாயித்துக்கிழமை, எங்கம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. என் தம்பிதான் கூட இருந்தான். இங்க நாங்க பன்னெண்டாவது உருண்டைகிட்ட நிக்கிறோம், உள்ள போன் அடிக்குது. திரும்புனேன். அசையாத, இந்த வரிசை முடியட்டும்னாரு. நின்னேண்ணே. போன் அடிச்சு ஓய்ஞ்சுச்சு. மறுபடி அடிச்சுச்சு. மூணு தடவ. அந்தப் பக்கம் என் தம்பி எங்கம்மா காதுல ரிசீவர வச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்கான். என் குரல ஒரு தடவ கேக்கணும்னாங்களாம்.

நாலாவது தடவ அடிச்சப்ப நூல விட்டுட்டுப் போயி எடுத்தேன், அம்மா போயிட்டாங்கக்கான்னு அழுவுறான். ஓடி வந்து இவருகிட்ட சொன்னேன். இவரு என் மூஞ்சியக் கூடப் பாக்கல. நீ நூல விட்டுட்டுப் போனதுல பதினாலாவது கோணிடுச்சு பாருன்னாரு.

நான் ஏன் முன்னாடியே விட்டுட்டு ஓடலன்னுதானே கேக்குறீங்க? கேளுங்க, தப்பில்ல. பயந்து பயந்தே பழகிட்டேன். இப்ப இருக்குற ஆத்திரத்துல பாதி என் மேலதான்.

என்னது? ஐயா தவறி எத்தனை நாளாச்சா? அட, அவரு தவறிட்டாருன்னு உங்களுக்கு யாரு சொன்னா? திரும்பி அந்த ஜன்னலப் பாருங்க. தலகாணிக்கு மேல தலகாணி வச்சு, நல்லாத் தெரியுற மாதிரி சாய்ச்சு உக்கார வச்சிருக்கேன். பக்கவாதம். கையும் காலும் பேச்சும்தான் போச்சு, கண்ணும் காதும் புத்தியும் முன்ன மாதிரியே இருக்குங்கறாரு டாக்டர். கட்டில் இத்தனை நாளா செவுத்தப் பாத்துத்தான் கெடந்துச்சு. காலையிலதான் இழுத்துத் திருப்பிப் போட்டேன்.

கண்ணாலதான் பேசுவாரு. ஒரு தடவ மூடித் தொறந்தா சரின்னு அர்த்தம், ரெண்டு தடவன்னா வேணாம். இப்ப ரெண்டு ரெண்டா மூடிக்கிட்டே இருக்காருல்ல?

கத்தரியக் கீழ வைக்காதீங்கண்ணே. இந்த ஒண்ண முடிச்சுட்டுக் கெளம்புங்க, இன்னிக்கி இது போதும். மிச்சம் பதினெட்டையும் தினம் ஒண்ணா வந்து வெட்டுங்க. அவரு எங்க போயிடப் போறாரு?