ஐஸ்கிரீம் இல்லாத ஐஸ்கிரீம் வண்டி

சன்னல் ஓரம் உட்கார்ந்தால்தான் எனக்கு வண்டியில் தலை சுற்றாது. அன்றைக்கு முழுவதும் லாரியின் முன் இருக்கையில், சன்னல் ஓரமாகத்தான் இருந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. ஓட்டியவர் வேறு, லாரி மேலிருந்த செல்போன் கோபுரத்தை ஏற்றி இறக்கியவர் வேறு. பாவம், இருவரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். நான் இடது என்றால் இடது, நிறுத்து என்றால் நிறுத்தம். அவர்களை விட்டுவிடுங்கள்.

நீங்கள் சாப்பிட்டீர்களா? முகம் வாடிக் கிடக்கிறதே. நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி சிரிப்புக் கதைதான். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். ஸ்டேஷன் கதவு சாத்தித்தானே இருக்கிறது.

செல்போன் கம்பெனியில் விளம்பரப் பிரிவு என் பொறுப்பு. "நாட்டிலேயே வேகமான நெட்வொர்க்" என்று எழுதியது நான். எழுதியபோது அது நிஜமா என்று ஒருவரும் கேட்கவில்லை. எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்றுதான் கேட்டார்கள். பேருந்துகளின் முதுகு, பாலத்தின் தூண், மருத்துவமனைச் சுவர் என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் ஒட்டி முடித்த பிறகு போட்டிக் கம்பெனிக்காரர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். வேகத்தை அளந்து பார்க்க வெளியிலிருந்து ஒரு சோதனைக்காரர் வருவதாகத் தகவல் வந்தது.

எங்கள் மேலாளர் அமைதியான மனிதர். "போஸ்டரைக் கிழிக்கிற அன்னைக்கே உங்க வேலைச் சீட்டையும் கிழிச்சிடலாம்மா, ரெண்டு வேலை மிச்சம்" என்றார்.

விளம்பரத்தை மாற்றி எழுதுவது எனக்கு ஒரு நிமிட வேலை. ஆனால் மாற்றினால், முன்பு எழுதியது பொய் என்று ஆகிவிடும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் ஆகாது. அதனால் விளம்பரத்தை அப்படியே விட்டுவிட்டு, ஊரை அதற்கேற்ப மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சோதனைக்காரர் வேலை செய்யும் விதம் இதுதான். சின்னக் கார். பின் இருக்கையில் ஒரு தட்டி. அதில் எல்லாக் கம்பெனிப் போன்களையும் வரிசையாக மாட்டியிருப்பார். எந்தத் தெருவுக்குப் போவார் என்று அவருக்கே முன்கூட்டித் தெரியாது. மனம் போன பக்கம் போய், தோன்றின இடத்தில் நிறுத்தி, அளப்பார். அவர் போகிற இடம் நமக்குத் தெரியாது என்றால், அவர் பின்னாலேயே ஒரு கோபுரம் போனால் போதாதா?

எங்களிடம் அப்படி ஒரு லாரி இருந்தது. ஒன்றே ஒன்று. முதுகில் கோபுரத்தை மடித்து வைத்துக்கொண்டு ஓடும். நின்ற இடத்தில் கழுத்தை நீட்டினால் அந்தத் தெருவில் இருக்கிற எங்கள் போன்களுக்கெல்லாம் சிறகு முளைத்துவிடும்.

அந்த லாரி அப்போது ஆற்றங்கரைக் குடியிருப்பில் நின்றுகொண்டிருந்தது. ஆமாம், நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிற அதே குடியிருப்புதான். புயலில் அங்கே இருந்த கோபுரம் சாய்ந்துவிட்டது. எல்லாக் கம்பெனிக்கும் அது ஒன்றுதான். அதற்குப் பதிலாக எங்கள் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினோம். லாரி இருந்தால் அங்கே கையிலிருப்பது போன். இல்லையென்றால் டார்ச் லைட். "புயலிலும் உங்கள் பக்கத்தில்" என்று அதற்கும் ஒரு விளம்பரம் போட்டேன். படத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது என் அக்காதான். அவள் வீடு லாரிக்கு நேர் எதிரே. தனிக்கட்டை. இளைப்பு நோய் உண்டு. வாயில் வைத்து இழுக்கிற மருந்து எப்போதும் இடுப்பில் இருக்கும்.

சோதனை நாள் காலையில் லாரியைக் கிளப்பப் போனேன். அக்கா வாசலுக்கு வந்துவிட்டாள்.

"எங்கடி தூக்கிட்டுப் போற?"

"சர்வீஸுக்குக்கா. சாயங்காலம் வந்துடும்."

"ஓடாத வண்டிக்கு என்னடி சர்வீஸு? நின்ன இடத்துலதானே நிக்குது."

"நின்னு நின்னு கால் வலிக்குதாம்."

சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். மருந்தை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"தீரப் போகுதுடி. மத்தியானம் மருந்துக் கடைக்காரருக்குப் போன் போட்டா கொண்டுவந்து கொடுத்துடுவாரு."

"சாயங்காலம் போடுக்கா."

"இளைப்பு வந்து உன்கிட்ட நேரம் கேட்டுக்கிட்டு நிக்குமா? பேசுறா பாரு."

"சரி, வர்றப்ப நானே வாங்கிட்டு வர்றேன், போதுமா?"

"மறந்தே, உன் விளம்பரத்துல எச்சில் துப்பிடுவேன்" என்றாள். அக்கா பேச்சு எப்போதும் அப்படித்தான்.

அப்படியே போனால் சோதனைக்காரர் கண்டுபிடித்துவிடுவாரே என்று, பழைய விளம்பரம் ஒன்றின் துணியை எடுத்து லாரியைச் சுற்றிப் போர்த்தினோம். ரோஜா நிறம், நடுவில் ஆள் உயர ஐஸ்கிரீம். அதுதான் நான் செய்த ஒரே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. முதல் தெருவைத் தாண்டுவதற்குள் பின்னால் ஒரு பட்டாளம் பிள்ளைகள்.

லாரி ஓட்டியவரை ஆமை என்பார்கள். அவர் நிதானத்துக்கு அந்தப் பெயர் கொஞ்சம் வேகம்தான். கோபுரத்தை ஏற்றுகிறவருக்குப் பெயர் ஏணி. சோதனைக்காரர் சந்தையில் நின்றால் நாங்கள் சந்துக்குள் நிற்போம். ஏணி கைப்பிடியைச் சுற்றுவார், கோபுரம் எழும். அளந்துவிட்டு அவர் கிளம்பினால் மடக்கிக்கொண்டு ஓடுவோம். பிள்ளைகளும் ஓடும்.

"மாமா, ஐஸ் குடுங்க."

"தீந்துடுச்சுடா" என்றார் ஏணி.

"கதவே தொறக்கலையே, எப்படித் தீந்துச்சு?"

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் எழுந்த கோபுரம், மாடியில் காய்ந்துகொண்டிருந்த யாரோ ஒருவருடைய பாவாடையையும் சேர்த்துத் தூக்கிவிட்டது. கூரைகளுக்கு மேலே அது கொடி மாதிரிப் பறக்கிறது. கீழே ஒரு அம்மா, "அடப்பாவிங்களா, இறக்குங்கடா என் மானத்தை" என்று துரத்துகிறாள். "மெதுவாத்தான் போகும், வந்து எடுத்துக்கோங்கம்மா" என்று ஆமை சன்னல் வழியாகச் சொல்கிறார். அந்த இடத்தில்தான் எங்கள் வேகம் உச்சம். சோதனைக்காரரின் அறிக்கையில் பாருங்கள், இருக்கும்.

நடுவில் என் போனை அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். அக்கா தினமும் மத்தியானம் கூப்பிட்டுத் திட்டுவாள். அன்று கூப்பிடவில்லை. நல்லதாய்ப் போயிற்று, தூங்குகிறாள் போல, என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கூத்து. பூங்கா ஓரம் நிற்கும்போது சோதனைக்காரரே காரை விட்டு இறங்கி, நேராக எங்கள் லாரியை நோக்கி வருகிறார். ஏணி கோபுரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். அந்த மனிதர் வந்து துணியைத் தட்டி, "ஒரு கோன் கிடைக்குமா?" என்றார்.

மறுபக்கமாக இறங்கி ஓடினேன். இந்த வயதில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. எதிரில் ஒரு ஐஸ்கிரீம் கடை. அதற்கு ஒட்டினாற்போல மருந்துக் கடை. மருந்துக் கடையைப் பார்க்கத்தான் பார்த்தேன், தம்பி. அக்காவின் மருந்தும் நினைவுக்கு வந்தது. ஆனால் இங்கே ஒரு மனிதர் காத்துக்கொண்டிருக்கிறாரே. கோனை வாங்கிக்கொண்டு ஓடிவந்து, துணியின் இடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டினேன்.

நின்று, ருசித்துச் சாப்பிட்டார். "எங்க போனாலும் உங்க வண்டி நிக்குது. எங்க போனாலும் நெட் பறக்குது. கொடுத்து வச்ச ஊருங்க இது. இன்னும் நாலு தெரு பாத்துட்டுப் போறேனே" என்றார்.

சாயங்காலம் திரும்பிவிட வேண்டும் என்று ஏணிதான் நினைவுபடுத்தினார். "அம்மா, அங்க சனங்க போன் இல்லாம இருப்பாங்களே" என்றார். நாலு தெருதானே என்றேன். நாலு, பத்தாயிற்று. முதலிடம். சந்தேகமே இல்லாமல் முதலிடம். லாரியிலேயே உட்கார்ந்து வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் ஒரு குறுஞ்செய்தி எழுதி அனுப்பச் சொன்னேன்: "நாட்டிலேயே வேகமான நெட்வொர்க் உங்கள் கையில்." இப்போது அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஆமை பாட்டுப் பாடினார். நானும் பாடினேன்.

பொழுது சாயும் நேரத்தில் குடியிருப்புக்குள் நுழைந்தோம். ஏணி கோபுரத்தை ஏற்றி முடித்ததும் நடந்தது இருக்கிறதே, அதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நாள் முழுவதும் வெளியில் காத்திருந்த செய்திகள் எல்லாம் ஒன்றாக உள்ளே வந்து விழ, வீட்டுக்கு வீடு, அடுப்படியில், கட்டிலில், சட்டைப் பையில், போன்கள் கிணிங் கிணிங் என்று அடிக்க ஆரம்பித்தன. தெருவே சலங்கை கட்டி ஆடிய மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அக்காவின் போனும் அடித்தது. அது சன்னலுக்கு வெளியே இருந்தது. கம்பிக்கு நடுவே கையை நீட்டி, உயரத் தூக்கிப் பிடித்தபடியே சரிந்திருந்தாள். கை கம்பியில் மாட்டி நின்றுவிட்டது. போனில் நான் எழுதின செய்தி வெளிச்சமாக இருந்தது. மருந்து தரையில் கிடந்தது. எடுத்து ஆட்டிப் பார்த்தேன், சத்தம் வரவில்லை.

பக்கத்து வீட்டுத் தையற்காரம்மா உங்களிடம் சொன்னாளாம், மத்தியானத்திலிருந்தே அக்கா சன்னலுக்குச் சன்னல் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள் என்று. ஆம்புலன்ஸைக் கூப்பிட இவளும் மொட்டை மாடி வரை ஏறிப் பார்த்தாள், ஆட்டோ பிடிக்கத் தெருமுனைக்கு ஓடினாள், திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது என்று. தையற்காரம்மா நல்லவள், பொய் சொல்ல மாட்டாள். லாரியை எடுக்கச் சொன்னது நான். அது போனால் அங்கே ஒரு போனும் பேசாது என்று தெரிந்தும் எடுக்கச் சொன்னேன். அக்காவிடம் சர்வீஸ் என்று சொன்னதும் நான்தான். இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் மாற்றி எழுதுங்கள் தம்பி. அக்கா திரும்பத் திரும்ப என்னைக் கூப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவள் போனில் வரிசையாக என் பெயர்தான் இருக்கிறது என்கிறீர்கள். என்னவோ கை பட்டிருக்கும். நான் அன்று முழுவதும் கோபுரத்துக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். என் போனில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன. நாட்டிலேயே வேகமான நெட்வொர்க். அவள் கூப்பிட்டிருந்தால் அடிக்காமல் இருந்திருக்குமா?