முன்வரிசைக் கேள்வி

நிலத்தடி நீரின் நிறமறிந்து, சுவையறிந்து, அது சொல்லாமல் ஒளித்த சோகமும் அறிந்த பேரறிவே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்கள் துறையின் தூணாய், துணையாய், தூண்டும் விளக்காய் நின்று, இன்று மாலையோடு பணிநிறைவு பெறும் பேராசிரியர் அம்மையீர்! வணக்கம்.

இன்னும் நான்கு அடைமொழி அடுக்கினால் நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவீர்கள். எங்களுக்கும் அதற்கு மேல் நா எழவில்லை. இந்த மடல் பாராட்டத் தொடங்கி வேறெங்கோ போய் முடியும், பொறுத்தருள வேண்டும்.

கடலோரத்தின் இருநூற்றுப் பதினான்கு கிணறுகளில் ஆண்டுக்கு இருமுறை நீர் எடுத்து, குப்பிகளை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தவர் நீங்கள். நீர் கரிப்பதற்குக் கடல் காரணமன்று, அடியில் கிடக்கும் பழைய களிமண் படுகையிலிருந்தே உப்பு ஏறுகிறது என்று கண்டீர்கள். கடலை மறித்துச் சுவர் கட்டினால் ஒரு கிணறும் தேறாது என்பதே அதன் பொருள். அந்த ஒன்றை உலகுக்குச் சொல்ல வேண்டும் என்பதைத் தவிர நீங்கள் வேறெதற்கும் ஆசைப்பட்டதில்லை.

சொல்ல வேண்டிய மொழியோ ஆங்கிலம். உங்கள் முதல் மாநாட்டில் கட்டுரையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தீர்கள்; பிறகு எவரோ ஒரு கேள்வி கேட்டார். விடை நெஞ்சில் இருந்தது, நாவுக்கு வரவில்லை. அமர்வுத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கும்வரை அப்படியே நின்றீர்கள். அந்த அவமானம் எங்களில் எவருக்கும் நேரக்கூடாது என்று நீங்கள் வகுத்த வழக்கம்தான் முன்வரிசைக் கேள்வி. நம்மவர் மேடையேறினால் நீங்கள் முன்வரிசையில் அமர்வீர்கள். உரை முடிந்த நொடியில் எழுந்து, முன்பே பேசிவைத்த எளிய கேள்வி ஒன்றைக் கேட்டு, அயலார் கை தூக்குமுன் நேரத்தைத் தீர்த்துவிடுவீர்கள். இங்கே அமர்ந்திருக்கும் அத்தனை பேரும் அப்படிக் கரையேறியவர்கள்தாம். எங்கள் பட்டங்களும் பதவி உயர்வுகளும் நீங்கள் கேட்ட கேள்விகளின் தயவு.

சென்ற ஆண்டு, கடைசி முறையாக, நீங்களே மேடையேறினீர்கள். கடலை மறித்துச் சுவர் கட்டும்படி அரசுக்கு வழி சொன்ன வெளிநாட்டு அறிஞரும் அரங்குக்கு வருகிறார் என்று அறிந்து, மூன்று மாதம் ஆய்வகக் கதவைச் சாத்திக்கொண்டு பயின்றீர்கள். புறப்படும் முன் எங்களை அழைத்துச் சொன்னது ஒன்றே ஒன்று: "இந்தத் தடவை யாரும் எழுந்துடாதீங்க. அவர் கேக்கட்டும். திணறுனா நானே திணறிக்கிறேன்."

உரை முடிந்தது. மூன்றாம் வரிசையில் அவர் கை உயர்ந்தது. உங்கள் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பற்றின. இம்மடலை வாசிக்கும் நான் அதைக் கண்டு பயந்துவிட்டேன். எழுந்தேன். எத்தனை கிணறுகளில் நீர் எடுத்தீர்கள் என்று கேட்டேன். நீங்கள் என்னை ஒரு கணம் பார்த்தீர்கள். பிறகு, பிழையற்ற ஆங்கிலத்தில் இருநூற்றுப் பதினான்கு என்றீர்கள். நேரம் முடிந்த மணி அடித்தது. அவர் கையை இறக்கி, பையை எடுத்துக்கொண்டு, விமானத்துக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார். வெளியே வந்து நின்ற என்னிடம், "பரவாயில்ல, வாங்க, டீ ஆறிடும்" என்றீர்கள். நீங்கள் திட்டியிருக்கலாம் அம்மா.

பிறகு நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் அவரிடமிருந்து மறுமொழி இல்லை. சுவர் பாதிக்கு மேல் எழும்பிவிட்டது. கிணறுகள் கரிக்கின்றன. போன வாரம் உங்கள் அறையை ஒழித்தபோது மேசை இழுப்பறையில் ஓர் அட்டை கிடைத்தது. மேலே அவர் கேட்கக்கூடிய கேள்வி. கீழே பதினொரு வரி விடை, ஆங்கிலம்தான், தமிழ் எழுத்தில், மூச்சு விடவேண்டிய இடங்களில் சிவப்புக் கோடு போட்டு. ஓரமெல்லாம் விரல் பட்டுத் தேய்ந்திருந்தது. உங்களுக்குத் திணறல் வந்திருக்காது. எங்களுக்குத்தான் உங்கள்மேல் நம்பிக்கை வரவில்லை.

உடல்நலம் குன்றாமல், உறக்கம் கெடாமல், பேரப்பிள்ளைகளின் ஓயாத கேள்விகளுக்கு நடுவே நெடுங்காலம் நீங்கள் நிறைவாய் வாழ வேண்டும் என்று வேண்டுகிறோம். எங்களை மன்னிக்க வேண்டும் என்று வேண்டும் துணிவு எங்களுக்கு இல்லை.

அந்த அட்டை ஒலிபெருக்கியின் அருகே வைக்கப்பட்டிருக்கிறது. ஏற்புரையில் எங்களுக்கு நன்றி சொல்லாதீர்கள். அந்த விடையைத் தமிழிலேயே சொல்லுங்கள். கேட்க வேண்டியவர் இங்கில்லை, சுவர் வேலையும் நிற்கப்போவதில்லை, தெரியும். ஆனாலும் நேரம் முடிந்ததென்று அடிக்கும் மணியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம். முன்வரிசையில் இன்று எவரும் உட்காரவில்லை, அம்மா.

இப்படிக்கு,
உங்கள் கேள்விகளால் பிழைத்த
துறையினர்