இரண்டாவது தொட்டில்

— காடிக் கதவுக் கண்ணாடிய ஏத்தாதீங்க. கிளினிக் வாசல்ல நிக்கிற எல்லாருக்கும் கேக்கட்டும்.

— தேனு, வீட்டுக்குப் போய்ப் பேசலாம் லா.

— ஆறு வருஷமா வீட்டுலதானே இருந்தோம்? என்ன பேசினீங்க? அந்த டாக்டரம்மா எக்ஸ்ரேயக் காட்டி, "ரெண்டு பக்கமும் குழாயக் கட்டியிருக்கே, உங்களுக்குத் தெரியாதா"ன்னு கேட்டாங்க. நான் பேந்தப் பேந்த முழிச்சேன். நீங்க தரையப் பாத்தீங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு. பாப்பாவ ஆபரேஷன் பண்ணி எடுத்த அன்னைக்கே, என்னைக் கேக்காம கருத்தடை பண்ணச் சொல்லியிருக்கீங்க. ஆமாவா, இல்லையா?

— அன்னைக்கு உனக்கு ரத்தக்கொதிப்பு இருநூறுக்கு மேல. இன்னொரு புள்ள உண்டானா உசுரு தாங்காதுன்னு டாக்டரு சொன்னாரு.

— உசுரு என்னோடது! வயிறு என்னோடது! கையெழுத்துப் போட நீங்க யாரு? விஜயன், வாயத் தொறங்க! இப்படி ஊமையா இருந்தே என்னைக் கொன்னுட்டீங்க. யோங் பெங் கோயில்ல ரெண்டாவது புள்ளைக்குத் தொட்டில் கட்டினேனே, எட்டலன்னு கிளைய வளைச்சுப் புடிச்சது யாரு?

— நான்தான்.

— மூணு தைப்பூசம் பால்குடம் எடுத்தேன். தண்ணி பாட்டில தூக்கிக்கிட்டுப் பின்னாடியே வந்தது?

— நான்தான், தேனு.

— உங்களையும் டெஸ்ட் பண்ணச் சொன்னாங்க. சிங்கப்பூர் வேலைக்கு லீவு போட்டு, டப்பாவுல குடுத்துட்டு வந்தீங்களே! எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே! அலமாக், என்ன நடிப்பு!

— போகலன்னா ஏன்னு கேட்டிருப்ப.

— கேட்டிருப்பேன்! ரெங்கத்துல உங்க தங்கச்சி வளைகாப்புல, "ஒண்ணோட இவ வயிறு வறண்டு போச்சு"ன்னு உங்கம்மா எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. நீங்க எழுந்து, "குறை எங்கிட்டதான்"னீங்க. இப்படி ஒரு மனுசன் கிடைச்சாரேன்னு நான் பாத்ரூம்ல போய் அழுதேன். செல்லப்பன் மாமா உங்கள வெத்து வேட்டுன்னு சொல்லிச் சிரிச்சாரு. சுடச்சுட தே தண்ணிய எடுத்து அவர் மேல ஊத்தினேன்.

— சட்டையில கறை இன்னும் போகலையாம்.

— சிரிக்காதீங்க! ஒரு பொய்க்காகப் போய்ச் சண்டை போட்டிருக்கேன்.

— வேற என்ன சொல்றது? அவங்க உன்னைப் பேசினா எனக்குத் தாங்கல. என்னைப் பேசினா தாங்கிக்கலாம்னு நெனச்சேன்.

— எங்கிட்ட உண்மையச் சொல்லியிருக்கலாமே!

— எப்படிச் சொல்றது? ஆபரேஷன் முடிஞ்சதும் வலிப்பு வந்து ரெண்டு நாள் நெனப்பில்லாமக் கெடந்த. மூணாம் நாள் கண்ணு முழிச்ச. பாப்பாவக் கூட இன்னும் பாக்கல. என் கையப் புடிச்சுக்கிட்டு, "அடுத்தது பையன், சரியா"ன்னு சிரிச்ச. நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம்னு தள்ளிப் போட்டேன். ஒவ்வொரு நாளும் அது இன்னும் கஷ்டமாத்தான் ஆச்சு.

— இந்தக் கதையெல்லாம் வேணாம். ஆஸ்பத்திரிக்குக் காடிய எடுங்க. அந்த ஃபாரத்த நான் பாக்கணும். உங்க கையெழுத்தக் கண்ணால பாத்துட்டு, பாப்பாவக் கூட்டிக்கிட்டு காஹாங்குக்கு, எங்கப்பா வீட்டுக்குப் போறேன்.

— அதப் பாக்க வேணாம்.

— பயமா?

— ஆமா.

— என்னை மலடாக்கி வச்சீங்களே, அப்ப வரலையா பயம்? எடுங்க காடிய!

— அதுல என் கையெழுத்து இல்ல. ஆபரேஷனுக்கு முந்தி நடந்தது எதுவும் உனக்கு நெனப்பு வரல. அவசரப்பட வேணாம், யோசிக்கலாம்னு நான் ஃபாரத்தப் பிடுங்கினேன். என் கன்னத்துல ஒண்ணு விட்டுட்டு, "எம்புள்ளைக்கு அம்மா வேணும்"னு கத்திக்கிட்டே நீதான் கையெழுத்துப் போட்ட, தேனு.