என் பிரேக், அவன் கை

மேலே ஓடுகிற ஃபேனுக்கு பேரிங் போய்விட்டது, ஐயா. இந்தக் கோடையைத் தாங்கும், அடுத்த கோடைக்கு நிற்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்த பிறகு என்னிடம் யாரும் ஃபேனைப் பற்றிப் பேசமாட்டீர்கள்.

என் பெயர் பக்தவத்சலம். காட்டுப்பாக்கத்தில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, மண் நிரவுகிற பழைய டோசர்களை ரிப்பேர் பார்க்கிறேன். இப்போது எங்கே பார்த்தாலும் ஓடுகிற ஹைட்ராலிக் வண்டிகள் அல்ல, அதற்கு முந்தின ஜாதி. அவற்றில் மண்ணைத் தள்ளுகிற இரும்பு பிளேடு வயர் ரோப்பில் தொங்கும். வண்டியின் பின்பக்கம் ரோப்பைச் சுற்றி இழுக்கிற விஞ்ச் இருக்கும். அங்கிருந்து ரோப் டிரைவர் தலைக்கு மேலே ஓடி, உருளைகளில் ஏறி இறங்கி, முன்னால் இருக்கிற பிளேடைத் தூக்கும். லீவரை இழுத்தால் பிளேடு ஏறும். விட்டுவிட்டால் விஞ்சில் உள்ள பிரேக் அதை அப்படியே பிடித்து நிறுத்தும். மறுபக்கம் தள்ளினால் பிரேக் விட்டுவிடும், பிளேடு தன் கனத்திலேயே கீழே வரும். இறக்குவதற்கென்று தனியாக ஒரு சக்தி கிடையாது. விழுவதுதான் இறங்குவது. இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் மனிதர்களைப் பற்றியது.

நானும் மதுரைவீரனும் ஆவடியில் நடந்த ராணுவ ஏலத்தில் ஒரு டோசர் எடுத்தோம். அதன் சங்கிலிச் சக்கரத்துக்கு நடுவே கருவேலஞ்செடி முளைத்து இடுப்புயரம் வளர்ந்திருந்தது. எங்களோடு போட்டி போட்டவர்கள் எல்லோரும் பழைய இரும்புக் கடைக்காரர்கள். அந்த மழைக்காலம் முழுவதும் இரண்டு பேருமாக அதைப் பிரித்துக் கழுவி மாட்டினோம். எஞ்சின் முதல்முறை உறுமியபோது வீரன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இரண்டு பேர் உடம்பிலும் கிரீஸ். அவன் என்னைவிட இளையவன். அயனம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் கூலிக்கு நட்ட குடும்பம். அவன் அம்மா நாற்று நட்ட வயலை அவனே மனையாக நிரவியிருக்கிறான். அதைச் சொல்லிச் சிரிப்பான்.

அவன் கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஐயா. கயிற்றில் தொங்குகிற அவ்வளவு கனத்தையும், விருந்தாளி முன்னால் சோற்றுத் தட்டு வைக்கிற மாதிரி தரையில் வைப்பான். அவன் ஓட்டினான் என்றால் ரோப் சீக்கிரம் நைந்துபோகாது. பிரேக் தேயாது. நான் பார்க்கிற ரிப்பேருக்கு ஒரு அர்த்தம் இருந்தது என்றால் அது அவன் கையால்தான். நான் இல்லாமல் அவனும் இல்லை. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

எங்களுக்கு வெல்டிங் வேலைக்கு வருகிறவன் சின்னப்பையன். பெயர்தான் அப்படி, கல்யாணமாகி ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன். பிளேடின் கீழ் விளிம்பு தேய்ந்தாலோ பற்று விட்டுப்போனாலோ பிளேடைத் தூக்கி நிறுத்தி, அவன் அடியில் புகுந்து பற்றவைப்பான். பெரிய வேலை என்றால் தண்டவாளக் கட்டை கொண்டுவந்து பிளேடுக்கு முட்டுக் கொடுப்போம். சின்ன வேலைக்குக் கொடுப்பதில்லை. தப்புதான், எல்லோரும் அப்படித்தான் செய்தோம். வேறு சைட்டில் ஒருமுறை யாரோ அவனைக் கண்டித்தபோது அவன் சொன்னான், "மேல வீரன் கை கீது, பின்னால அண்ணாத்தே பிரேக்கு கீது. எனக்கு இன்னா?"

அவன் சொன்னது சரி. அந்த பிளேடு தானாக விழ வேண்டுமானால் ஒன்று வீரன் கை தவற வேண்டும், இல்லை என் பிரேக் விட வேண்டும். மூன்றாவது காரணம் கிடையாது. பிற்பாடு அதைத்தான் நான் நெடுநாள் யோசித்தேன்.

எண்பத்தேழாம் வருஷம் வீரன் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலைக்கு வருவதில்லை என்று சொன்னான். மாமனார் படுத்த படுக்கையாக இருக்கிறார், போய்ப் பார்க்க வேண்டும் என்றான். அவன் மனைவி சாமுண்டீஸ்வரியின் அப்பா ராணிப்பேட்டைக்காரர். எனக்கும் அவரைத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் சாத்துக்குடி வாங்கிக் கொடுத்தனுப்புவேன். ஒரு தடவை ஹார்லிக்ஸும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதோ சாமான் விஷயமாக அண்ணனூர் போயிருந்தேன். ரயில் ஷெட்டைத் தாண்டி ஒரு பொட்டல் இருக்கிறது. அதில் புத்தம்புது மஞ்சள் டோசர் ஓடிக்கொண்டிருந்தது. ஹைட்ராலிக். சீட்டில் வீரன் இருந்தான். ஒரு விரலால் லீவரைத் தொட்டு பிளேடை இறக்குகிறான், ஏற்றுகிறான், சிரிக்கிறான். ஓரமாக ஒரு கல்லின்மேல் சின்னப்பையன் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மடியில் நான் வாங்கிக் கொடுத்த பை. என் சாத்துக்குடியை உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.

நான் அவர்கள் கண்ணில் படவில்லை. அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன்.

மறுநாள் வீரனிடம் மாமனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "பரவால்ல அண்ணாத்தே. கஞ்சி குடிச்சிகினு கீறாரு" என்றான். அடுத்த வாரமும் கேட்டேன். எழுந்து உட்காருகிறார் என்றான். அதற்கடுத்த வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வாரமும் அவனுக்கு உண்மையைச் சொல்ல ஒரு வழி திறந்துவிட்டேன், அவன் ஒவ்வொரு வாரமும் மாமனாரைக் கொஞ்சம் தேற்றினான். அவர் தேறத் தேற எனக்குப் புரிந்தது, இவன் புது வண்டியைக் கற்று முடிக்கப்போகிறான்.

பக்கத்தில் எழுதுகிறவரிடம் கோபம் என்று எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள். எனக்குக் கோபம் இல்லை. நான் சாப்பிட்டேன், தூங்கினேன், வேலை பார்த்தேன். வீரன் போகக் கூடாது என்பது மட்டும் மனதில் தெளிவாக இருந்தது. அவன் கையோ காலோ போவதில் எனக்கு விருப்பமில்லை. அவனுக்கு ஒரு கீறல் விழுவதைக்கூட நான் தாங்கமாட்டேன். போக வேண்டியது அவன் பெயர்தான். டோசர் டிரைவருக்குப் பெயர் போய்விட்டால் எந்தக் கான்ட்ராக்டரும் சாவியைக் கையில் கொடுக்கமாட்டான். நான் ஒருவன் கொடுப்பேன்.

அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் மனை நிரவிக்கொண்டிருந்தோம். பிளேடின் ஓர் ஓரத்தில் விளிம்பு பற்று விட்டுவிட்டது. சின்ன வேலை. சின்னப்பையனுக்குச் சொல்லியனுப்பினேன். மத்தியானம் எல்லோரும் வேப்பமர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் விஞ்சுக்கு கிரீஸ் வைக்கப் போனேன். பிரேக்கை இறுக்குகிற நட்டைத் தளர்த்தினேன். முழுக்க அல்ல. கொஞ்ச நேரம் பிடிக்கும், எஞ்சின் அதிர அதிர விட்டுவிடும், அந்த அளவுக்கு. என்னுடைய பிரேக், அதன் சுபாவம் எனக்குத் தெரியும்.

சாப்பிட்டு வந்து வீரன் பிளேடைத் தூக்கி நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். அந்த வண்டியில் முதலில் சின்ன எஞ்சினைக் கிளப்பி, அது ஓடித்தான் பெரிய எஞ்சினை எழுப்ப வேண்டும். பெரிய அவஸ்தை. ஆகவே அவன் சந்தேகப்படவில்லை. சின்னப்பையன் முகமூடியைப் போட்டுக்கொண்டு அடியில் புகுந்தான். போகும்போது என்னைப் பார்த்து, "தோ முட்ச்சிட்டு வந்துர்றேன், டீ சொல்லு அண்ணாத்தே" என்றான். நான் டீ சொல்லியனுப்பினேன்.

பிளேடு விழுந்ததும் எல்லோரும் முன்பக்கம் ஓடினார்கள். வீரனும் சீட்டிலிருந்து குதித்து ஓடினான். நான் பின்பக்கம் போனேன். நட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர வெகு நேரம் ஆகவில்லை. அதற்குப் பிறகு நானும் முன்பக்கம் போனேன்.

கால்தான் மாட்டும் என்று நினைத்திருந்தேன். ஒரு கால் போதும் எனக்கு. வெல்டிங் அடிக்கிறவன் தலையை எங்கே வைத்துக்கொள்வான் என்று இத்தனை வருஷம் பார்த்தவனுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள்.

உங்கள் ஸ்டேஷனில்தான் கேஸ் போட்டார்கள். வண்டியைப் பரிசோதிக்க ஓர் அதிகாரி வந்தார். பிரேக் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். உண்மையாகவே நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் கைதான் என்று ஆயிற்று. அன்றைக்கு இதே ஸ்டேஷன் வாசலில் வீரன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "என் கை பட்ச்சா அண்ணாத்தே? எனக்கே தெர்ல" என்றான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "தெரியாம பட்ருக்கும் வீரா. அதையே நெனச்சிகினு இருக்காத" என்றேன். அவன் அதைத்தான் கோர்ட்டில் சொன்னான். தெரியாமல் பட்டிருக்கும் என்று, நான் சொன்னபடியே.

ஒரு வருஷம் போட்டார்கள். சாமுண்டீஸ்வரி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ராணிப்பேட்டைக்குப் போய்விட்டாள். அவளும் போவாள் என்று நான் கணக்குப் போடவில்லை, ஆனால் போனதற்காக வருத்தப்படவும் இல்லை. மனு போட்டு அவனைப் பார்க்கப் போனது நான் ஒருவன்தான். விடுதலையான அன்றைக்கு ஜெயில் வாசலில் நின்றதும் நான் ஒருவன்தான். அவன் என் தோளில் சாய்ந்து அழுதான். எனக்கு நீ இருக்கே அண்ணாத்தே, அது போதும் என்றான்.

அதற்குப் பிறகு அவன் எந்த வண்டியின் சீட்டிலும் ஏறவில்லை. நான் சாவி கொடுத்தும் வாங்கவில்லை. நாங்கள் எடுத்த டோசர் கொட்டகை ஓரத்தில் நிற்கிறது. அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து உருளைகளை டீசலில் கழுவுவான், நான் கை நீட்டினால் ஸ்பேனர் வரும், பேச வேண்டியதில்லை. வேலை முடிந்ததும் செத்துப்போன சின்னப்பையனுடைய வீட்டுக்குப் போவான். சின்னப்பையன் மனைவி தாயம்மாளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பான், கூரை ஒழுகினால் ஏறி அடைப்பான், அவள் மகள் பேபியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவான். தாயம்மாள் அவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டாள். என்னோடு நன்றாகப் பேசுவாள். உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, ஐயா. என் வாழ்க்கையில் அவற்றைவிட நல்ல வருஷங்கள் இல்லை.

இந்த வருஷம் பேபி வயதுக்கு வந்தாள். சடங்குக்கு வீரன் பந்தல் போட்டான். எல்லாம் முடிந்து அவன் வாசலில் நின்றிருந்தபோது தாயம்மாள் வெளியே வந்து, நானும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எட்டு வருஷத்தில் முதல்முறையாக அவனோடு பேசினாள்.

"போனது போச்சு நைனா. நீ வோணும்னா செஞ்ச? உன் பொண்டாட்டி புள்ளயோட போய் இரு. இனிமே இங்க வராத, எனக்கு மனசுல ஒண்ணும் இல்ல."

அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். மறுநாள் கொட்டகைக்கு வந்தபோது முகம் வேறாக இருந்தது. நிமிர்ந்து நடந்தான். உருளையைக் கழுவிக்கொண்டே சொன்னான். "சாமுண்டி வரச் சொல்லிக்கீறா அண்ணாத்தே. அங்கயே ஒரு குவாரியில டோசர் ஓட்ட ஆள் கேக்குறாங்களாம். திங்கக்கெழம கெளம்புறேன்."

இந்தத் தடவை அவன் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. முகத்துக்கு நேரே சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முன்னே பொய் சொன்னபோதாவது என்னை விட்டுப் போக அவனுக்குக் கூச்சமிருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஜெயிலிலிருந்து வந்த நாள் முதல் அவனுக்குச் சோறு போட்டிருக்கிறேன், ஐயா, உலகமே கைவிட்டவனை நான் கைவிடவில்லை. அவன் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு மறுபடியும் உருளையைக் கழுவ ஆரம்பித்தான்.

அதனால்தான் வந்தேன். அவனுக்காகத்தான் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு அவன் ராணிப்பேட்டைக்குப் போகக் கூடாது. சின்னப்பையனைக் கொன்றது நான். பிரேக்கைத் தளர்த்தியது நான், இறுக்கியதும் நான். எந்த இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். தாயம்மாளுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். இன்றைக்கு ஞாயிறு. வீரன் நாளைக் காலையில் பூந்தமல்லியில் பஸ் ஏறுவதாக இருக்கிறான். இந்தக் கேஸை நீங்கள் மறுபடி எடுத்தால் அவன்தானே முதல் சாட்சி. விசாரணை, கோர்ட், வாய்தா என்று வருஷக்கணக்கில் இழுக்கும் என்கிறார்கள். அதெல்லாம் முடிகிறவரைக்கும் அவன் எங்கேயும் போக முடியாது, இல்லையா ஐயா?