ஹாய் சொன்ன மீட்டரும் என் மச்சான் ஹாக்னியும்

நடுநாற்காலியில் வீற்றிருந்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட அவைத் தலைவர், போதகர் ஜின்டன் அவர்களே! எட்டு வாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, எட்டு வாரமும் எங்கள் சோற்றை உண்ணாமல் அளந்து மட்டுமே பார்த்த ஆசிரியை லிஜ்பெத் அவர்களே! மார்ஷல் தீவுகளின் மஜூரோ அலையையும் அமெரிக்காவின் ஆர்கன்சா பனியையும் ஒரே ஆயுளில் பார்த்துவிட்ட பெரியோர்களே! முன்வரிசையை மூன்று மணிக்கே கைப்பற்றி, பூமாலையும் விசிறியுமாகக் கொலுவீற்றிருக்கும் தாய்மார்களே! கோழி ஆலையில் காலைப் பணி முடித்து, வெள்ளை அங்கியைக்கூட மாற்றாமல் ஓடிவந்திருக்கும் தோழர்களே! கடைசி வரிசையில் அமர்ந்து, இந்தப் பேச்சு எப்போது முடியும், அந்தப் பாத்திரம் எப்போது திறக்கும் என்று மூக்காலேயே கேட்டுக்கொண்டிருக்கும் என் அருமை உறவுகளே! அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த யோக்வே!

"ஓபெட், சர்க்கரை நோயை நீ வென்ற கதையைச் சொல்" என்று என்னை இங்கே ஏற்றிவிட்டார்கள். வென்றேனாம்! யார்? நானா? என் மனைவி மோஜினா முதல் வரிசையில் இருக்கிறாள். அவள் முகத்தைப் பாருங்கள். நான் வென்றதாக அந்த முகம் ஒப்புக்கொள்கிறதா? இல்லை! அப்படியானால் வென்றது யார்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் யார்? பத்தொன்பது ஆண்டுகளாக இந்த ஸ்பிரிங்டேல் ஊரில், கோழி ஆலையின் வெட்டும் வரிசையில் நிற்பவன். நாளொன்றுக்கு ஆயிரமாயிரம் கோழிக் கால்களைப் பார்ப்பவன். என் சொந்தக் காலை ஒருநாளும் பார்க்காதவன்! "உனக்குச் சர்க்கரை" என்று மருத்துவர் சொன்னார். என்ன செய்தேன்? மருந்தை உண்டேனா? உணவைக் குறைத்தேனா? மறைத்தேன் ஐயா, மறைத்தேன்! கேட்டவர்களிடம் மறுத்தேன், மருத்துவரிடம் மழுப்பினேன், மாத்திரைப் புட்டியைக் காரின் ஸ்டெப்னி டயருக்குள் ஒளித்தேன்.

ஏன் மறைத்தாய் என்கிறீர்களா? உங்களுக்கா தெரியாது? நம் விருந்துகளில் ஒருவனுக்கு நோய் என்று தெரிந்துவிட்டால் அவன் தட்டு சிறுத்துவிடும், நாற்காலி ஓரத்துக்கு நகர்ந்துவிடும், அவன் வந்ததும் பேச்சு நின்றுவிடும். பெரிய தட்டோடு நடுநாற்காலியில் உட்கார்ந்து பழகியவன் நான். அந்த நாற்காலிக்காக ஒரு முழு வருடம் பொய் சொன்னேன்.

பொய்க்குக் கால் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருந்தது. அது காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒரு மாலை வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்தேன். மகள் ஜோலினா என் ரப்பர் பூட்ஸைக் கழற்றினாள்.

"அப்பா, உள்ள என்னமோ உருளுது."

"ஐஸ் கட்டியா இருக்கும்மா. ஆலை பூரா ஐஸ்தானே."

"ஐஸ்னா இந்நேரம் கரைஞ்சிருக்காதா? இது நட்டுப்பா. இரும்பு நட்டு!"

கட்டைவிரல் தடிமனில் ஒரு நட்டு, தோழர்களே! எந்த இயந்திரத்திலிருந்து கழன்று எப்படி உள்ளே விழுந்ததோ! மோஜினா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"காலையிலேர்ந்து இது மேலயா நடந்தீங்க?"

"தெரியலையே."

"தெரியலையா? போன வாரம் சோத்துல குண்டூசித் தலையளவு கல்லு கடிபட்டதுக்கு அரை மணி நேரம் கத்துனீங்க! பல்லுக்குத் தெரிஞ்சது காலுக்குத் தெரியலையா?"

சிரிக்கிறீர்கள். அன்று நாங்களும் சிரித்தோம், ஜோலினா என் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் வரை. உள்ளங்காலில் புண். எனக்கு வலிக்கவேயில்லை. வலிக்காததுதான் வலி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மருத்துவமனையில் மருத்துவர் புண்ணைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மோஜினாவைப் பார்த்தார். "இவருக்குச் சர்க்கரைன்னு போன வருஷமே சொல்லியிருந்தேனே? இன்னும் பத்து நாள் விட்டிருந்தீங்கன்னா விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும்" என்றார். என் மனைவி திட்டினாளா? இல்லை. அடித்தாளா? அடித்திருந்தால் மகிழ்ந்திருப்பேன். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னாள்:

"ஒரு வருஷமா உங்களுக்கு ஆசை ஆசையா பரிமாறினேன். உங்க காலை நானே அரிச்சிருக்கேன். தெரியாமலே என்னை அதைச் செய்ய வச்சுட்டீங்க இல்ல?"

அவையோரே, ஆலையில் என் கை கத்தியில் அறுபட்டிருக்கிறது. அந்தச் சொல் அறுத்த மாதிரி அது அறுக்கவில்லை.

அடுத்த வாரம், சர்க்கரை நோய்ப் பாடம் நடத்த மருத்துவமனை அனுப்பிய லிஜ்பெத் அவர்கள் பையோடு வந்தார். நான் என்ன திட்டம் போட்டேன் தெரியுமா? இவர் என்னோடு தனியாகப் பேசுவார், நான் தலையை ஆட்டுவேன், அவர் போனதும் தட்டை நிரப்புவேன். ஆனால் அவர் உட்காருவதற்கு முன்பே கேட்டார்:

"இந்த வீட்டுப் பானையிலேர்ந்து எத்தனை பேர் சாப்பிடுறீங்க?"

"பதினோரு பேர்."

"அப்ப பதினோரு பேரையும் கூப்பிடுங்க. பானை ஒண்ணுதானே? பாடமும் ஒண்ணுதான்."

கூப்பிட்டோம். பதினொன்றாவது ஆளாக இறங்கி வந்தார் மோஜினாவின் அண்ணன், என் மச்சான், ஹாக்னி! அதோ, மூன்றாவது வரிசையில் முகத்தைத் தொப்பியால் மறைக்கிறாரே, அவரேதான். மறைக்காதீர்கள் மச்சான், தொப்பியைவிட உங்கள் முகம் பெரிது!

"தினமும் போட்டுக்கிற மாதிரியே சோறு போட்டுக்குங்க" என்றார் லிஜ்பெத். போட்டேன். அளந்தார். ஐந்தரை கப்!

ஹாக்னி தரையில் தட்டிச் சிரித்தார். "அஞ்சரையா! மச்சான், இது சாப்பாடா, மணல் லோடா?"

"ஹாக்னி அண்ணா, உங்க தட்டையும் கொடுங்க" என்றார் லிஜ்பெத்.

"எனக்கு எதுக்கும்மா? நான் நோயாளி இல்ல. சும்மா சாட்சி."

அளந்தார். "சாட்சிக்கு ஆறேகால் கப்" என்றார். வீடே இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு!

அடுத்தது விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் பயிற்சி. ஜோலினா குத்திக்கொண்டாள். மோஜினா குத்திக்கொண்டாள். மச்சானின் முறை வந்தது. "அர்னோ கடல்ல சுறாவை வாலைப் பிடிச்சு இழுத்தவன்டா நான்" என்று எழுந்தவர், ஊசியைப் பார்த்தார், குளியலறைக்குள் போனார், தாழ்ப்பாள் போட்டார். லிஜ்பெத் கிளம்பிப் போகும்வரை உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. "இஷ்டமில்லாதவங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது" என்று சொல்லி விட்டுவிட்டார் ஆசிரியை.

அன்றிலிருந்து வீடு மாறியது. என் தட்டு மட்டும் மாறியதா? எல்லாத் தட்டும் மாறியது! சோறு ஒரு கப், மீன் ஒரு துண்டு, மிச்ச இடமெல்லாம் காய். குளிர்பானம் இருந்த இடத்தில் தண்ணீர். முதல் வாரம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் எல்லோர்மேலும் கோபம். இரண்டாம் வாரம் எல்லோருக்கும் என்மேல் மட்டும் கோபம். மூன்றாம் வாரம் கோபப்படத் தெம்பில்லை, பழகிவிட்டது.

சாயங்காலமானால் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தை வரிசையாகச் சுற்றினோம். முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரர் பதறி ஓடிவந்தார். "ஓபெட்! எங்க தீ? எல்லாரும் வெளிய வந்துட்டீங்க?" நடக்கிறோம் என்றோம். "எங்கே?" என்றார். இங்கேயேதான் என்றோம். அந்த மனிதர் இன்றுவரை எங்களைப் பார்த்தால் சற்று ஒதுங்கித்தான் போகிறார்.

மச்சான் நடந்தாரா? ஓரமாக நாற்காலி போட்டு, கையில் குளிர்பானக் குவளையோடு உட்கார்ந்து, "நாலாவது சுத்து! மோஜினா, குறுக்கால போகாத!" என்று கத்தினார். கேட்டால், நடுவராம்!

இப்படி இருக்கும்போதுதான் மச்சானின் பேத்திக்கு முதல் ஆண்டு நிறைந்தது. கெமெம் விருந்து! முந்நூறு பேர். பன்றி, கோழி, தேங்காய்ப்பூவில் உருட்டிய சோற்று உருண்டை, தீவிலிருந்து வந்த ஈரப்பலா, மலையாய் டோனட். ஒலிபெருக்கி யார் கையில்? மச்சான் கையில். என் தட்டு யார் கையில்? அதுவும் மச்சான் கையில்!

"சாப்பிடு மச்சான்! இன்னைக்கு ஒரு நாள்தானே!"

"வேண்டாம் மச்சான், போதும்."

"என் பேத்தி விருந்துல வேண்டாம்னு சொல்றியா? முந்நூறு பேர் பாக்குறாங்க!"

வேண்டாம் என்ற சொல்லை நம் ஊரில் விருந்தில் சொல்வது எவ்வளவு கடினம் என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டுமா? நான் தடுமாறினேன். ஆனால் நான் தனியாக இல்லையே! இடப்பக்கம் மோஜினா வந்து நின்றாள். இரண்டு உருண்டை காணாமல் போனது. வலப்பக்கம் ஜோலினா வந்தாள்; பன்றித் துண்டு பறந்தது. பின்னால் ஒரு கை வந்தது, டோனட் போனது. யார் கை என்று இன்றும் தெரியாது. மச்சான் திரும்பிப் பார்ப்பதற்குள் என் தட்டில் ஒரு கப் சோறும் மீனும்தான்! "பலே, அதுக்குள்ள முடிச்சிட்டியே!" என்று பூரித்துப் போனார்.

ஆனால் ஒன்று என் கண்ணில் பட்டது. பேசும்போது மச்சானின் நாக்கு ஒட்டியது. ஒரு மணி நேரத்தில் ஏழு குவளை குளிர்பானம். ஐந்து முறை கழிப்பறை. என் தட்டைக்கூட இரண்டாகப் பார்க்கிறவர்போலக் கண்ணைக் கசக்கினார். சர்க்கரை எகிறினால் தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், கண் மங்கல் வரும் என்று இரண்டாவது வாரப் பாடத்தில் லிஜ்பெத் சொன்னது எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. அந்தப் பாடத்தன்று மச்சான் எங்கே இருந்தார்? கடைக்குக் குளிர்பானம் வாங்கப் போயிருந்தார்!

தனியாகக் கேட்டால் குளியலறைக்கு ஓடிவிடுவார். என்ன செய்தேன்? ஆசிரியை அவர்களே, காதைப் பொத்திக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியைப் பிடுங்கி அறிவித்தேன்: "சுறாவை வாலைப் பிடித்து இழுத்த மாவீரர் ஹாக்னி, இப்போது உங்கள் முன்னிலையில் விரலில் ஊசி குத்திக்கொள்வார்!" முந்நூறு பேரும் கைதட்டினார்கள். மச்சானால் ஓடவும் முடியவில்லை, ஒளியவும் முடியவில்லை. கண்ணை இறுக மூடி விரலை நீட்டினார். மோஜினா தன் பையிலிருந்து என் மீட்டரை எடுத்துக் குத்தினாள். ஐந்து நொடி. மீட்டரில் எண் வரவில்லை. இரண்டே இரண்டு ஆங்கில எழுத்து: எச், ஐ.

மச்சான் ஒரு கண்ணைத் திறந்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். முகம் மலர்ந்தது. ஒலிபெருக்கியில் முழங்கினார்:

"பாத்தீங்களா! உங்களுக்கெல்லாம் நம்பர் காட்டுது. எனக்கு 'ஹாய்' சொல்லுது! மெஷினே எனக்கு யோக்வே சொல்லுதுடா!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. நானும் மோஜினாவும் மட்டும் சிரிக்கவில்லை. அது 'ஹாய்' இல்லை ஐயா. 'ஹை'! அறுநூறுக்கு மேல் போய்விட்டது, இதற்குமேல் எனக்கு எண்ணத் தெரியாது என்று அந்தக் கருவி கைவிரித்த எழுத்து!

கேக் வெட்டவில்லை. மச்சானைக் காரில் ஏற்றினோம். வழியெல்லாம் "ஹாய் சொன்னதுக்கா ஆஸ்பத்திரி?" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், பாதி வழியில் கேட்பதை நிறுத்திவிட்டார். தலை என் தோளில் சாய்ந்தது. சுறாவை இழுத்த அந்தக் கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. "இன்னும் ஒரு நாள் போயிருந்தா நினைவில்லாமத்தான் கொண்டு வந்திருப்பீங்க" என்றார் மருத்துவர்.

மறுநாள் காலை, கையில் குழாயோடு படுத்திருந்த மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க அப்பாவுக்கும் இதேதான்டா. ஒரு காலை எடுத்தாங்க, அப்புறம் இன்னொரு காலையும் எடுத்தாங்க. கடைசி மாசம் ஒரு வாய் சோறு இறங்கல. தட்டு காலியா இருந்தா ஆள் போயிடுவாங்கன்னு எனக்கு மனசுல பதிஞ்சு போச்சு. உன் காலுல புண்ணுன்னதும் பயந்துட்டேன் மச்சான். அதான் உன் தட்டுல அள்ளி அள்ளி வச்சேன்."

பயத்தால் மறைத்தவன் நான். பயத்தால் பரிமாறியவர் அவர். ஒரே வீட்டில், ஒரே பானையில், இரண்டு பயங்கள் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கின்றன!

"என்னால தனியா முடியாதுடா" என்றார்.

"தனியா யார் விட்டா உங்களை? வாசல்ல பாருங்க" என்றேன். வாசலில் ஒன்பது பேர். ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. செவிலியர், "ஒரு நேரத்தில ரெண்டு பேர்தான் உள்ள வரலாம்" என்று கத்திக்கொண்டிருந்தார். மார்ஷல் குடும்பத்தில் இரண்டு பேர் மட்டும் எங்கேயாவது போனதுண்டா?

தாய்மார்களே, தோழர்களே! என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு பதினொன்றிலிருந்து ஏழுக்கு வந்திருக்கிறது. புண் ஆறியிருக்கிறது. மச்சான் மூன்று மாதமாக ஊசிமருந்து போட்டுக்கொண்டு, நடுவர் நாற்காலியை மடித்து வைத்துவிட்டு எங்களோடு நடக்கிறார். இன்னும் குறுக்கு வழியில்தான் நடக்கிறார், ஆனால் நடக்கிறார்! இதை நானா வென்றேன்? நோய் என் பெயரில் வந்தது. மாத்திரைச் சீட்டு என் பெயரில் வந்தது. ஆனால் என் பூட்ஸைக் கழற்றியது யார் கை? என் சோற்றை அளந்தது யார் கை? என் தட்டிலிருந்து எடுத்தது யார் கை? கடல் கடந்து வந்தபோது நாம் தனித்தனியாகவா வந்தோம்? ஒருவர் வந்ததும் ஒன்பது பேரை அழைத்தோம். வேலை கிடைத்தபோது சேர்ந்து உண்டோம். வேலை போனபோதும் சேர்ந்தே உண்டோம். அப்படியிருக்க, இந்த ஒரு நோயை மட்டும் ஸ்டெப்னி டயருக்குள் ஒளித்து வைத்துத் தனியாக அனுபவிக்க வேண்டுமா? வேண்டாம்! விருந்தில் சொல்லத் தயங்கிய அந்தச் சொல்லை இந்த மேடையில் உரக்கச் சொல்கிறேன்: வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம்!

இங்கே எத்தனை பேர் மருத்துவர் சொன்னதை வீட்டில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. கை தூக்கச் சொல்ல மாட்டேன். இந்தக் கூட்டம் கலைந்ததும், பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்து, "எனக்கும் இருக்கு" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு வருடமும் ஒரு புண்ணும் தேவைப்பட்டன. உங்களுக்கு இங்கிருந்து கார்வரை நடக்கும் நேரம் போதும்.

போதகர் எழுந்தே நின்றுவிட்டார், நான் உட்காருகிறேன். பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், பொறுக்காமல் என்னைக் காப்பாற்றிய என் வீட்டாருக்கும் கொம்மோல் டாட்டா! கோடி நன்றி! யோக்வே!